ரயிலுக்கு முன்னே பேட்டை



சேலத்துக்கு மெட்ரோ வருமா, வராதா என்ற பேச்சு சில ஆண்டுகளாகவே ஊரில் அடிபடுகிறது. டீக்கடையில் பேசுகிறார்கள், மாமன்றத்தில் பேசுகிறார்கள். மனை வாங்கி விற்பவர்கள் எல்லோருக்கும் முந்தியே பேசி முடித்திருப்பார்கள். இன்று நான் எடுத்துக்கொண்டது அதற்கு அடுத்த கேள்வி. அப்படி ஒரு ரயில் வந்தால், அதன் ஒவ்வொரு நிலையத்தையும் சுற்றி யார் குடியிருப்பார்கள்? இப்போது இருப்பவர்களே இருப்பார்களா?

முதலில் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னை மெட்ரோ ரயில் நிறுவனத்தின் சாத்தியக்கூறு ஆய்வில் சேலத்துக்கு இரண்டு தடங்கள் முன்வைக்கப்பட்டன. ஒன்று கருப்பூரிலிருந்து நாழிக்கல்பட்டி வரை. மற்றொன்று அயோத்தியாப்பட்டணத்திலிருந்து உத்தமசோழபுரம் வரை. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர். ஆனால் ஒன்றிய அரசின் 2017ஆம் ஆண்டு மெட்ரோ கொள்கை, மெட்ரோவுக்கு 20 லட்சம் மக்கள்தொகையை வரம்பாக வைக்கிறது. 2025 நவம்பரில் கோவை, மதுரைத் திட்டங்கள் திரும்பி வந்ததற்கு அந்த வரம்பும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை 8 லட்சத்து 29 ஆயிரம். கோவைக்கும் மதுரைக்கும் அந்தக் கதி என்றால், நமக்குப் பெரிய மெட்ரோ கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

அதற்கு மாற்றாக இலகு ரயில் என்று ஒன்று இருக்கிறது. 2019இல் ஒன்றிய வீட்டுவசதி அமைச்சகம் ‘மெட்ரோலைட்’ என்ற பெயரில் அதற்கான விதிமுறைகளை வெளியிட்டது. நெரிசல் மிகுந்த நேரத்தில், ஒரு திசையில் மணிக்குப் பதினைந்தாயிரம் பேர் வரை பயணம் செய்யும் நகரங்களுக்கானது அது. பெட்டிகள் சிறியவை, நிலையங்கள் எளியவை, பல இடங்களில் சாலை மட்டத்திலேயே ஓடலாம். தமிழ்நாட்டுக்கு இது அந்நியமான சங்கதி இல்லை. சென்னையில் 1895 முதல் 1953 வரை மின்சார டிராம் ஓடியிருக்கிறது. சேலம் போன்ற ஊருக்கு என்றைக்காவது தண்டவாளப் போக்குவரத்து வருமென்றால் இந்த வடிவில்தான் வரும் என்பது என் கணிப்பு.

அது எந்த ஆண்டு வரும் என்று சொல்ல நான் சோதிடன் இல்லை. தாமதத்தை நினைத்து வருந்தவும் வேண்டாம் என்பேன். தடம் போடுவது ஒன்றிய அரசு, மாநில அரசு, வெளிநாட்டுக் கடன் என்று பல கைகளில் இருக்கிறது. நிலையத்தைச் சுற்றியுள்ள பேட்டையை வகைசெய்வது பெரும்பாலும் நம் கையில், அதாவது மாநகராட்சி, நகர ஊரமைப்புத் துறை, நம் வார்டு ஆகியவற்றின் கையில் இருக்கிறது. அந்த வேலைக்கு ரயில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால் ரயில் அறிவிப்புக்குப் பிறகு அந்த வேலையைச் செய்யவே முடியாது. அறிவிப்பு வந்த மறுநாள் நிலத்தின் விலை மாறிவிடும்.

ஒரு நிலையத்தை நடுவில் வைத்து அரை கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போடுங்கள். வெயிலில் ஒரு முதியவர் நடந்து வரக்கூடிய தூரம் அது. அதற்குள் 194 ஏக்கர் அடங்கும். தேசிய அளவில் 2017இல் வெளியான போக்குவரத்து சார்ந்த வளர்ச்சிக் கொள்கை, 500 முதல் 800 மீட்டர் வரையிலான இந்த வட்டத்தைத்தான் நிலையத்தின் தாக்கப் பகுதி என்கிறது. இதற்குள் அடர்த்தியாகக் கட்டு, மாடி உயர்த்து, கூடுதல் தளப்பரப்பு கொடு என்பது அதன் சாரம். கட்டும் தளப்பரப்பில் குறைந்தது 30 விழுக்காட்டை மலிவு விலை வீடுகளுக்கு ஒதுக்கு என்றும் அதே கொள்கை சொல்கிறது. முதல் பாதியை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் பாதியைத்தான் நாம் நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி அந்த வட்டத்துக்குள் போய்ப் பார்ப்போம்.

செவ்வாய்ப்பேட்டையில் சேலம் மார்க்கெட் ரயில் நிலையம் இப்போதே இருக்கிறது. அதைச் சுற்றி வட்டம் போட்டால் லீ பஜார் உள்ளே வரும். மூட்டை சுமப்பவர்கள், தரகர்கள், மளிகை மொத்த வியாபாரிகள், இரவெல்லாம் வந்து நிற்கும் லாரிகள், அவர்களுக்குச் சோறு போடும் மெஸ்கள். அதோடு வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து பள்ளப்பட்டி, சிவதாபுரம் வரை பரவியிருக்கும் தொழில் அது. ஒரு கொலுசு ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பவர் ஒரு வீட்டில், கண்ணி கோர்ப்பவர் அடுத்த சந்தில், பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பவர் இன்னொரு பட்டறையில், முத்து சேர்ப்பவர் வேறிடத்தில், மெருகு போடுபவர் வேறிடத்தில். ஒவ்வொரு கை மாறும்போதும் எடை போட்டுக் கொடுத்து, எடை போட்டு வாங்குகிறார்கள். வெள்ளியை டிபன் பையில் போட்டு எடுத்துக்கொண்டு இரண்டு தெரு நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருவதால்தான் இந்தத் தொழில் நடக்கிறது. அந்த நடை தூரத்தை நீங்கள் பத்து கிலோமீட்டர் ஆக்கிவிட்டால் கொலுசு இருக்கும், ஆனால் இந்தக் குடும்பங்களின் கையில் இருக்காது. எந்திரத்தில் அடித்து இறக்குபவர்களின் கையில் இருக்கும்.

கிழக்கே போனால் அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை. தெற்கே குகை, கொண்டலாம்பட்டி. இவை தறி ஓடும் பேட்டைகள். சேலம் வெண்பட்டு புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பட்டு வேட்டி எங்கே நெய்யப்படுகிறது என்பதை நம் திட்ட அலுவலர்கள் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். குழித்தறி என்றால் வீட்டுக்குள் தரையில் குழி வெட்டி, அதற்குள் மிதிபலகையை இறக்கி, நெசவாளர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் கீழே விட்டு நெய்வது. மண்ணின் ஈரம் இழை அறாமல் காக்கும் என்பது நெசவாளர் அனுபவம். இப்படிப்பட்ட குடும்பத்துக்கு மூன்றாவது மாடியில் வீடு கொடுத்தால், வீட்டைக் கொடுத்துப் பிழைப்பைப் பிடுங்கிவிட்டோம் என்றுதான் பொருள். கான்கிரீட் தளத்தில் குழி வெட்ட முடியாது.

தறி வீட்டோடு முடிவதும் இல்லை. பாவு விரிக்க நீளமான, நேரான, நிழலுள்ள இடம் வேண்டும். வெயில் ஏறுவதற்குள் விரித்து, அறுந்த இழையைச் சேர்த்துச் சுருட்டிவிட வேண்டும். அதற்காகவே நெசவாளர் பேட்டைகளில் பாவடி என்று பொது இடம் வைத்திருந்தார்கள் நம் முன்னோர். தொழிலுக்குத் தேவையான வெளியை ஊரின் அமைப்பிலேயே சேர்த்த நகரத் திட்டமிடல் அது. எந்தக் கல்லூரிப் பாடத்துக்கும் குறைந்ததல்ல. இன்றைய வரைபடத்தில் அதே இடம் ‘காலி நிலம்’ என்ற வண்ணத்தில் இருக்கும். வாகன நிறுத்தத்துக்கோ நிலையத்தின் மின்நிலையத்துக்கோ முதலில் கண்ணில் படுவது அதுதான்.

இந்தப் பேட்டைகளில் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். தமிழ் பேசுபவர்கள், தெலுங்கும் கன்னடமும் பேசும் தேவாங்கர்கள், சௌராஷ்டிரர்கள், உருது பேசும் இஸ்லாமியர்கள், செவ்வாய்ப்பேட்டையில் தலைமுறைகளாக வணிகம் செய்யும் வடநாட்டுக் குடும்பங்கள், அண்மையில் பட்டறைக்கும் கட்டட வேலைக்கும் வந்த பீகார், ஒடிசா இளைஞர்கள். பலதரப்பட்ட மக்கள் கலந்து வாழும் குடியிருப்பை எப்படி உருவாக்குவது என்று மேலைநாட்டு நகரங்கள் கருத்தரங்கு நடத்துகின்றன. நம்மிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. தொழில் அதை உருவாக்கியிருக்கிறது. அதைக் கலைக்காமல் இருப்பதுதான் நமக்கு இடப்பட்ட வேலை.

எப்படிக் கலையும்? வீட்டை இடித்துத்தான் கலைக்க வேண்டும் என்றில்லை. நிலம் எடுப்பவர் வந்தால் சட்டம் ஓரளவு துணைக்கு வரும். 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம், நிலம் எடுக்கப்படும் பகுதியில் மூன்றாண்டுகளாக இருந்து பிழைக்கும் வாடகைதாரரையும் கைவினைஞரையும்கூடப் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கணக்கிடுகிறது. ஆனால் நிலமே எடுக்காமல், பக்கத்தில் நிலையம் வருகிறது என்பதற்காக வீட்டுக்காரர் நாலாயிரம் ரூபாய் வாடகையை ஒன்பதாயிரம் ஆக்கினால் அதை எந்தச் சட்டமும் வெளியேற்றம் என்று எழுதுவதில்லை. குடும்பம் பாத்திரம் பண்டங்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே ஆட்டையாம்பட்டிப் பக்கம் போய்விடும். பிள்ளை பள்ளி மாறும். கணக்கில் எங்கேயும் வராது. வீட்டுக்காரர்களைக் குறை சொல்லி இதைச் சொல்லவில்லை. அவர்களில் பலருக்கும் அந்த ஒரு வீடுதான் முதுமைக்கான பிடிமானம். நம் பேட்டைகளில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் வாய்ச்சொல். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் எழுத்திலும் பதிவிலும் ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. வாய்ச்சொல்லில் இருப்பவர் அந்தச் சட்டத்தின் கதவைத் தட்டவே முடியாது. எனவே நிலையத் திட்டத்தின் முதல் வேலை, வட்டத்துக்குள் இருக்கும் வாடகைதாரர்களையும் பட்டறைகளையும் தறிகளையும் வீடு வீடாகக் கணக்கெடுப்பது. மண் பரிசோதனைக்கு முன்னால் இது நடக்க வேண்டும்.

சென்னையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள இரண்டு பாடங்கள் உண்டு. பறக்கும் ரயில் 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கியது, 1997இல் மயிலாப்பூர் வந்தது, 2007இல் வேளச்சேரி போய்ச் சேர்ந்தது. நிலையங்களைப் பெரிது பெரிதாகக் கட்டினார்கள். ஆனால் அந்த நிலையத்துக்கு நடந்து வரும் வழி, அங்கிருந்து பஸ் பிடிக்கும் இடம், சுற்றியுள்ள தெருவோடு அதற்கிருக்க வேண்டிய உறவு, இவற்றை யாரும் சேர்த்து யோசிக்கவில்லை. மாலை ஏழு மணிக்கு மேல் தனியாக ஒரு பெண் அந்தப் படிகளில் ஏறத் தயங்கும் நிலை பல ஆண்டுகள் நீடித்தது. இரண்டாவது பாடம் கண்ணகி நகர். ஆற்றங்கரையிலும் கால்வாய்க்கரையிலும் இருந்த குடும்பங்களை 2000 முதல் ஊருக்கு வெளியே கொண்டுபோய் அடுக்குமாடியில் வைத்தார்கள். வேலை நகருக்குள் இருந்தது, வீடு நகருக்கு வெளியே போனது. திருமணிமுத்தாற்றின் கரையில் குடியிருப்போரைப் பற்றி நம் ஊரில் ஏதாவது முடிவெடுக்கும்போது கண்ணகி நகர் நம் கண்முன் இருக்க வேண்டும்.

நல்ல எடுத்துக்காட்டும் இருக்கிறது, தொலைவில் இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் ரோண்டோ என்று கறுப்பின மக்களின் பேட்டை ஒன்று இருந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அதை நடுவே பிளந்து நெடுஞ்சாலை போட்டார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே பகுதிக்குப் பக்கத்தில், யுனிவர்சிட்டி அவென்யூ வழியாக, மினியாபொலிசையும் செயின்ட் பாலையும் இணைக்கும் இலகு ரயில் திட்டம் வந்தது. அந்தத் தெருவில் கறுப்பினத்தவரும், லாவோஸ் மலைகளிலிருந்து அகதிகளாக வந்த மோங் மக்களும் சிறு கடைகள் வைத்திருந்தார்கள். முதல் வரைபடத்தில் அந்த ஏழைப் பகுதியில் நிலையங்கள் ஒரு மைல் இடைவெளியில் இருந்தன. ரயில் தங்கள் வாசல் வழியாகப் போகும், ஆனால் நிற்காது என்பதைப் புரிந்துகொண்ட மக்கள் ஒன்றுதிரண்டார்கள். செலவுக் கணக்கு இடம் தராது என்றார்கள் அதிகாரிகள். அந்தக் கணக்குப் போடும் விதியையே கேள்வி கேட்டார்கள் மக்கள். 2010இல் வெஸ்டர்ன், விக்டோரியா, ஹாம்லின் என்று மூன்று நிலையங்கள் கூடுதலாகக் கிடைத்தன. 2014 ஜூனில் ரயில் ஓடியது. வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதே கேட்டதால்தான் கிடைத்தது. தூண் எழுந்த பிறகு நிலையம் கேட்க முடியாது.

சிங்கப்பூரைப் பற்றி நம்மவர்கள் நிறையப் பேசுவார்கள். அங்கே 1989 முதல் அரசு அடுக்குமாடிகளில் ஒவ்வொரு கட்டடத்திலும் ஒவ்வோர் இனத்துக்கும் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்துக் கலந்து குடியமர்த்துகிறார்கள். அந்த அளவுகோலை அப்படியே இங்கே இறக்க முடியாது, வேண்டவும் வேண்டாம். ஆனால் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்வோம். நம் ஊரில் புதுக் குடியிருப்புகளில் பட்டியல் சாதிக் குடும்பத்துக்கும் இஸ்லாமியக் குடும்பத்துக்கும் வாடகைக்கு வீடு கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது இங்கே அமர்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். பழைய பேட்டைகளிலும் சாதிக்கொரு தெரு என்ற கோடு உண்டு. பொதுப்பணத்தில் வரும் ரயில் ஒரு நிலத்தின் மதிப்பைக் கூட்டுகிறது. அந்த நிலத்தில் கூடுதல் மாடிக்கும் அரசு அனுமதி கொடுக்கிறது. அப்படியென்றால் அந்த 30 விழுக்காடு வீடுகளை யாருக்குக் கொடுப்பது என்பதில் சாதியும் மதமும் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையைப் போட அரசுக்கு முழு உரிமை உண்டு. ஒதுக்கீட்டைத் தனியார் கையில் விடாமல், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் குலுக்கல் முறையில் செய்யட்டும்.

தெருவை இடித்து அகலப்படுத்தினால்தான் வளர்ச்சி என்ற எண்ணத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் மண்ணில் பதில் சொல்லப்பட்டிருக்கிறது. சென்னை மாகாணத்துக்கு வந்த நகரத் திட்ட வல்லுநர் பேட்ரிக் கெடிஸ், 1915வாக்கில் தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியை நடந்து நடந்து பார்த்தார். நெரிசலான பகுதியை வெட்டி நேர் வீதிகள் போட நகராட்சி நினைத்திருந்தது. அவர், பாழடைந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, ஆங்காங்கே சிறு வெளிகளை உண்டாக்கி, மரம் வைத்து, மற்ற குடும்பங்களை இருந்த இடத்திலேயே இருக்கவிடலாம், செலவும் மிகக் குறையும் என்று காட்டினார். குகைக்கும் செவ்வாய்ப்பேட்டைக்கும் அந்த முறைதான் பொருந்தும்.

இன்னும் சில காரியங்களைச் சொல்ல வேண்டும். ஆடி மாதம் குகையிலும் அம்மாப்பேட்டையிலும் வண்டி வேடிக்கை நடக்கிறது. சாமி வேடம் போட்டவர்களை ஏற்றிக்கொண்டு அலங்கார வண்டிகள் வரிசையாக வருவதைப் பார்க்க ஊரே தெருவில் நிற்கும். தலைக்கு மேல் மின்கம்பி எவ்வளவு உயரத்தில் போகிறது, தூண் தெருவின் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை முடிவு செய்யும்போது அந்த வண்டிகளின் உயரமும் அகலமும் பொறியாளரின் மேசையில் இருக்க வேண்டும். வ.உ.சி. மார்க்கெட்டுக்கு விடியுமுன் பூக்கூடையோடு வரும் பெண்களுக்கு, முதல் வண்டி எத்தனை மணிக்கு, கூடை ஏற்ற இடம் உண்டா என்பதே முதல் கேள்வி. அவர்களுக்கு 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. ரயில் வந்ததும் அந்தப் பேருந்துத் தடத்தைக் குறைத்தால், பெண்களின் கையிலிருந்து பயணத்தைப் பறித்ததாகிவிடும். ஒரே சீட்டு இரண்டிலும் செல்லுபடியாக வேண்டும், பெண்களுக்கு இரண்டிலும் கட்டணமில்லை என்று தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

பெரிய திட்டம் வரும்வரை கையில் இருப்பதையாவது பயன்படுத்தலாம். சேலம் ஜங்ஷனிலிருந்து விருத்தாசலம் போகும் ஒற்றைப் பாதை, மார்க்கெட், டவுன், அயோத்தியாப்பட்டணம் என்று நகரின் மையத்தை ஊடுருவிப் போகிறது. ஜங்ஷன் இருக்கும் சூரமங்கலத்தில் இறங்கி நகருக்குள் வர ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணத்தை நினைத்துப் பாருங்கள். அந்தத் தண்டவாளத்தில் நாளுக்கு ஓடுவது விரல்விட்டு எண்ணக்கூடிய ரயில்கள். காலையிலும் மாலையிலும் அரை மணிக்கொரு சிறு மின்தொடர் வண்டி விட வாய்ப்பு உண்டா என்பதை ரயில்வேயின் சேலம் கோட்டமும் மாநகராட்சியும் சேர்ந்து ஆராய வேண்டும். புதுத் தூண் இல்லாமல், மார்க்கெட் நிலையத்தையும் டவுன் நிலையத்தையும் சுற்றி நாம் பேசுகிற பேட்டைத் திட்டத்தை நாளையே தொடங்கிப் பார்க்கலாம். நடைபாதை, நிழல், விளக்கு, கழிப்பறை, ஆட்டோ நிறுத்தம், தள்ளுவண்டிக்கு அடையாளமிட்ட இடம். இவற்றுக்கு எந்த வெளிநாட்டுக் கடனும் தேவையில்லை.

நம் பக்கத்து ஊரான நாமக்கல்லுக்கு இந்தத் திட்டமிடல் இன்னும் அவசரம். 85 கிலோமீட்டர் சேலம்–கரூர் பாதை, தொண்ணூறுகளில் அனுமதி பெற்று 2013 மே மாதத்தில்தான் திறக்கப்பட்டது. அதுவரை நாமக்கல்லில் ரயில் இல்லை. லாரிக்குக் கூண்டு கட்டுவதில் நாடறிந்த ஊர், முட்டை விலையைத் தினமும் நாடு எதிர்பார்க்கும் ஊர். ஆனாலும் ரயில் நிலையம் ஊருக்கு வெளியே ஒதுங்கி நிற்கிறது. 2024இல் நாமக்கல் மாநகராட்சி ஆனது, அதே ஆண்டு முதலைப்பட்டியில் புதுப் பேருந்து நிலையமும் திறக்கப்பட்டது. ரயில் ஓரிடம், பஸ் ஓரிடம், பட்டறைத் தொழிலாளி குடியிருப்பது வேறோரிடம். சேலத்தில் இனிப் பழுதுபார்க்கத்தான் முடியும். நாமக்கல்லில் நிலம் இன்னும் திறந்தே கிடக்கிறது. அரசுக்குச் சொந்தமான நிலத்தை நிலையத்தைச் சுற்றி இப்போதே அடையாளம் கண்டு, விற்காமல் நீண்ட காலக் குத்தகையில் மட்டும் கொடுத்து, கோழிப்பண்ணைக்கும் கூண்டு கட்டும் பட்டறைக்கும் வரும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு வாடகை விடுதிகளும் உள்ளூர்க் குடும்பங்களுக்குத் தரைத்தளத்தில் தொழிற்கூடமும் சேர்த்து வகைசெய்தால், பிறகு யாரையும் அப்புறப்படுத்த வேண்டியிருக்காது.

பொதுநிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்கிறேன். விற்ற நிலம் திரும்பி வராது. நிலையத்தருகே மாநகராட்சிக்கோ ரயில்வேக்கோ இருக்கும் ஒவ்வொரு துண்டு நிலமும், வாடகை உயரும் காலத்தில் நலிந்தவர்களுக்கு நாம் வைத்திருக்கும் ஒரே கைமுதல்.

இந்த அவையில் இருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். தமிழ்நாட்டின் மாநகராட்சிகளில் 2022 நவம்பர் முதல் பகுதி சபைகள் கூடத் தொடங்கியிருக்கின்றன. உங்கள் வார்டிலும் கூட்டம் நடக்கும். போங்கள். சாத்தியக்கூறு அறிக்கையைத் தமிழில் அச்சிட்டு வார்டு அலுவலகத்தில் வைக்கச் சொல்லுங்கள். நிலையங்கள் எங்கெங்கே என்று தெருப்பெயரோடு கேளுங்கள். வட்டத்துக்குள் எத்தனை வாடகைக் குடும்பம், எத்தனை தறி, எத்தனை பட்டறை என்று கணக்கெடுக்கத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். முழுமைத் திட்டத்தில் பாவடிகளைப் பொதுவெளி என்று பதிய மனுக் கொடுங்கள். வீட்டுக்காரர்களும் வாருங்கள், வாடகைக்கு இருப்பவர்களையும் கூட்டி வாருங்கள். கூட்டம் நடக்கும் நேரத்தில் தறியில் இருப்பவருக்கும் பட்டறையில் இருப்பவருக்கும் முன்கூட்டியே சொல்லியனுப்புங்கள். அவர்கள் வராத கூட்டத்தில் எடுக்கும் முடிவை ஏற்காதீர்கள்.